பழைய பேரேட்டிலிருந்து புதிய அட்டவணைக்கு

பேரேடு நிறைந்து புதுப் புத்தகம் போடும் நாளுக்கு நம் சங்கங்களில் முன்பெல்லாம் ஒரு தனி மரியாதை இருந்ததென மூத்த காரியதரிசிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று வரவு செலவு நடவாது. காரியதரிசி பழைய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அங்கத்தினர் எண்ணையும் பெயரையும் நிலுவையையும் உரக்கப் படிப்பார். குமாஸ்தா அதைப் புதுப் புத்தகத்தில் எழுதுவார். நிர்வாகக் குழுவினர் ஒருவர் அருகில் அமர்ந்து இரண்டையும் ஒப்பிட்டு வருவார். பக்கத்துக்குப் பக்கம் கூட்டிப் பார்த்து, பழையதன் மொத்தமும் புதியதன் மொத்தமும் ஒரு பைசாவும் பிசகாமல் பொருந்திய பிறகே மூவரும் ஒப்பமிடுவர். இவ்வாறு ஒப்பமிட்ட பக்கங்களை நாம் ஆய்வுக்குச் சென்ற பல சங்கங்களின் அலமாரிகளில் இன்றும் காணலாம். மை மங்கியிருக்கிறது, ஒப்பம் மட்டும் அழியவில்லை.

இன்று பேரேடு கணிப்பொறிக்குள் சென்றுவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. நாடு முழுவதும் 63,000 சங்கங்கள், ரூ.2,516 கோடி செலவு என்பது அன்றைய கணக்கு. நபார்டு வங்கி அதை முன்னின்று நடத்தி வருகிறது. நெசவாளர் சங்கங்களிலும் கூலிக் கணக்கு, நூல் இருப்பு, சேமிப்பு நிதி ஆகியவை ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. முன்னரே ஏதோ ஒரு சிறு மென்பொருளில் கணக்கு வைத்திருந்த சங்கங்கள் இப்போது பெரிய பொது மென்பொருளுக்கு மாறுகின்றன. இந்த மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஒரு விவசாயியின் கடன் நிலுவையைச் சொல்வதற்கு மூன்று புத்தகங்களைப் புரட்டி அரை மணி நேரம் போக்கிய காலம் திரும்ப வரவேண்டாம்.

ஆயினும் இந்த மாற்றத்தின் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றி நிர்வாகக் குழுவினர் யாரும் கேட்பதில்லை. காரியதரிசிகளும் பெரும்பாலும் கேட்பதில்லை. பழைய மென்பொருளின் அட்டவணையிலிருந்து புதிய மென்பொருளின் அட்டவணைக்கு விவரங்களை நகலெடுக்கும் வேலையே அது. மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வருகிறார். மாலையில் நாலு வரி எழுதுகிறார். மறுநாள் காலை, “எல்லாம் வந்துவிட்டது ஐயா” என்கிறார். மாற்றச் சான்றில் காரியதரிசி ஒப்பமிட்டுவிடுகிறார். மூன்று பேர் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து செய்த காரியம் ஒருவருடைய நாலு வரிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரி என்ன சொல்கிறது என்பதை அறியும் பொறுப்பு சங்கத்திற்கே உண்டு என்பது நம் அபிப்பிராயம். அது ஒன்றும் கடினமான விஷயமும் அன்று.

அட்டவணை என்பது நம் பேரேட்டைப் போன்றதே. மேலிருந்து கீழாகப் பத்திகள்: அங்கத்தினர் எண், பெயர், பங்குத்தொகை, சேமிப்பு, கடன். இடமிருந்து வலமாக வரிகள்: ஓர் அங்கத்தினருக்கு ஒரு வரி. விவரங்களை இவ்வாறு அட்டவணைகளாகவே வைத்து, அவற்றின் தொடர்பை எண்களால் காட்ட வேண்டும் என்ற கொள்கையை 1970இல் எட்கர் காட் என்ற அறிஞர் வெளியிட்டார். அந்த அட்டவணைகளோடு பேசுவதற்கான மொழியை 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் வகுத்தனர். எஸ்.க்யூ.எல். என்று இன்று வழங்கும் அம்மொழிக்கு 1986இல் அமெரிக்காவில் தர நிர்ணயமும் வந்தது. வங்கியானாலும் ரயில்வேயானாலும் நம் சங்கமானாலும் அநேகமாக இம்மொழியே உள்ளே ஓடுகிறது.

நகலெடுக்கும் வாசகம் இப்படி இருக்கும்: “இன்சர்ட் இன்டு புதிய_அங்கத்தினர் (எண், பெயர், பங்கு, சேமிப்பு) செலக்ட் எண், பெயர், பங்கு, சேமிப்பு ஃப்ரம் பழைய_அங்கத்தினர்.” பழைய அங்கத்தினர் அட்டவணையிலிருந்து இந்த நான்கு பத்திகளையும் எடு, புதிய அட்டவணையில் இந்த நான்கு பத்திகளில் இடு என்பதே இதன் பொருள். ‘வேர்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒரு நிபந்தனை விதித்தால், அந்த நிபந்தனைக்கு உட்பட்ட வரிகள் மட்டும் செல்லும். பத்தாயிரம் வரிகளானாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். இயந்திரம் படிப்பதிலும் எழுதுவதிலும் தவறு செய்யாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். தவறு வருவதெல்லாம் சொல்வதிலேதான்.

நெசவாளர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். தறியில் பாவு தீரும்போது, பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைக்கிறோம். எங்கோ ஓரிடத்தில் ஓர் இழை தள்ளிப் பிணைத்துவிட்டால், அதற்கு அப்பால் எல்லா இழைகளும் ஒன்று தள்ளியே வரும். கரை நூல் உடலுக்கும் உடல் நூல் கரைக்கும் போய்விடும். மேலே சொன்ன வாசகத்தில் அடைப்புக்குள் உள்ள பத்திப் பெயர்களை எழுதாமல் விட்டாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். அப்போது முதல் பத்தியை முதல் பத்திக்கும், மூன்றாவதை மூன்றாவதற்கும் என்று இருக்கிற வரிசையிலேயே இடும். பெயர் பொருந்துகிறதா என்று அது பார்க்காது. பழைய அட்டவணையில் பங்கு முன்னும் சேமிப்பு பின்னும் இருந்து, புதியதில் சேமிப்பு முன்னும் பங்கு பின்னும் இருந்தால், அங்கத்தினர் அத்தனை பேருடைய சேமிப்பும் பங்குத்தொகை ஆகிவிடும். இரண்டும் ரூபாய்தானே! இயந்திரத்திற்கு ஐயம் ஏன் வரப்போகிறது? சோம்பலினால் பத்திப் பெயர்களை எழுதாமல் விடும் வழக்கத்தை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். இதை எந்தச் சங்கமும் அனுமதிக்கக் கூடாது.

நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயரும் மென்பொருள் நிறுவனத்தின் பெயரும் வேண்டியதில்லை. ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மஞ்சள் பையில் பாஸ்புத்தகத்தோடு வந்தார். கண் பார்வை குறைந்துவிட்டது, இனித் தறியில் உட்கார முடியாது, சேமிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். காரியதரிசி எண்ணைத் தட்டிப் பார்த்தார். “அம்மா, கணிப்பொறியில் உங்கள் பெயரே இல்லையே” என்றார். அம்மையார் கோபிக்கவில்லை. பாஸ்புத்தகத்தை மேஜைமீது வைத்து, “நான் இருக்கிறேனே தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அவரை உட்காரவைத்துவிட்டு நாம் பழைய அட்டவணையைத் திறக்கச் செய்தோம். அதில் 612 வரிகள் இருந்தன. புதியதில் 587. இருபத்தைந்து பேர் காணாமற் போயிருந்தனர். இருபத்தைவரும் ஒரே குக்கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குக்கிராமம் பக்கத்து ஊரோடு சேர்க்கப்பட்டபோது ஊர்ப் பட்டியலிலிருந்து அதன் எண் நீக்கப்பட்டிருந்தது. நகலெடுத்த வாசகமோ, அங்கத்தினர் அட்டவணையையும் ஊர் அட்டவணையையும் ‘இன்னர் ஜாயின்’ என்ற முறையில் இணைத்து எழுதப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் பொருந்துகிற வரியை மட்டுமே அம்முறை எடுக்கும். ஊர் எண் பொருந்தாத அங்கத்தினரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது, எடுக்காமல் விட்டுவிடும். ‘லெஃப்ட் ஜாயின்’ என்று எழுதியிருந்தால் ஊர்ப் பெயர் மட்டும் வெற்றிடமாக, அங்கத்தினர் வந்திருப்பார். ஒரு சொல் மாறியதில் ஒரு தெரு முழுவதும் சங்கத்திலிருந்து நீங்கிவிட்டது.

இதனினும் நம்மை வருத்தியது வேறொன்று. பொதுப் பேரேட்டில் சேமிப்பு நிதியின் மொத்தம் தனியே கையால் ஏற்றப்பட்டிருந்தது; அது சரியாகவே இருந்தது. அங்கத்தினர் வாரியான மொத்தம் அதைவிடக் குறைந்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தவுடன் யாரோ அதை அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமன் செய்திருந்தார்கள்! இருபத்தைந்து நெசவாளர்கள் கூலியிலிருந்து வாராவாரம் பிடித்துக் கொடுத்த பணம், யாருடையது என்று தெரியாத பணமாக அனாமத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மையார் வராதிருந்தால் இன்னும் எத்தனை நாள் அங்கேயே இருந்திருக்குமோ! பணம் மட்டுமா? வாக்காளர் பட்டியலும் இதே அட்டவணையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சங்கத் தேர்தல் அப்போது வந்திருந்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் வாக்கு இருந்திராது.

இதே இணைப்பு மறுபக்கமாகவும் தவறும். ஓர் அங்கத்தினர் தமக்கு வாரிசாக இருவரை நியமித்திருக்கிறார் என்று கொள்வோம். அங்கத்தினர் அட்டவணையையும் வாரிசு அட்டவணையையும் இணைத்து நகலெடுத்தால் அவர் இரண்டு வரிகளாக வருவார். அவருடைய சேமிப்பும் கடனும் இரட்டிக்கும். ஆகவே மொத்த வரிகளின் எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் போதாது. மூவர் விடுபட்டு மூவர் இரட்டித்தாலும் எண்ணிக்கை பொருந்திவிடும் அல்லவா?

கையால் எழுதிய காலத்திலும் தவறுகள் நேர்ந்தனவே என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். இயந்திரம் செய்வதைவிட அதிகமாகவே நேர்ந்தன. ஆனால் கைத்தவறு இங்கொன்றும் அங்கொன்றுமாக, யாருக்கு என்றில்லாமல் விழும். களைப்பினால் 69 என்பது 96 ஆகும். மறுபக்கத்தில் அது நேராது. வாசகத்தின் தவறோ ஒரு வகையினர் அனைவர்மீதும் ஒருசேர விழுகிறது. ஊர் எண் இல்லாதவர், ஆதார் எண் கொடுக்காதவர், கைபேசி இல்லாதவர், தலைப்பெழுத்து இல்லாத பெயருடையவர் ஆகியோரே விடுபடுகிறவர்கள். இவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், நம் சங்கங்களில் மிக மூத்தவர்களும் மிக ஏழைகளும்தாம் என்பது தெரியவரும். இதனால்தான் இதைத் தொழில்நுட்ப விஷயம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

வெற்றிடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரேட்டில் ஒரு கட்டம் எழுதப்படாமல் இருந்தால் நாம் அதைச் சுழி என்றே படிக்கிறோம். இந்த மொழியில் வெற்றிடம் வேறு, சுழி வேறு. வெற்றிடத்தை ‘நல்’ என்பர். ‘தெரியாது’ என்பது அதன் கருத்து. நூறு ரூபாயோடு ‘தெரியாது’ என்பதைக் கூட்டினால் விடை நூறு அன்று, அதுவும் ‘தெரியாது’தான். அசலையும் வட்டியையும் கூட்டி ஒரே பத்தியாக நகலெடுக்கும்போது, வட்டி எழுதப்படாத அங்கத்தினருக்கு அசலும் போய்விடும். அப்பத்தியின் மொத்தத்தைக் கேட்டால் இயந்திரம் வெற்றிடங்களைத் தாண்டிக் கூட்டி ஒரு தொகையைச் சொல்லும். அத்தொகையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் தோன்றாது. ‘கோஅலெஸ்’ என்ற சொல்லால் வெற்றிடத்திற்குப் பதில் சுழியை வைத்துக் கூட்டச் சொல்ல முடியும். ஆனால் எங்கே சுழி வைப்பது தகும், எங்கே பழைய புத்தகத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும் என்பதை மென்பொருள்காரர் தீர்மானிக்க முடியாது. கணக்கு அறிந்த காரியதரிசிதான் சொல்ல வேண்டும்.

பைசாவும் அப்படியே. பைசாவோடு கூடிய தொகையை முழு எண்ணுக்கென அமைந்த பத்தியில் இட்டால் சில மென்பொருள்கள் பைசாவை வெட்டிவிடும். சில, அருகிலுள்ள ரூபாய்க்குத் திருத்திக்கொள்ளும். தேதியில் 05/06 என்பது ஜூன் ஐந்தா, மே ஆறா என்பது இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. கடன் தவணை ஒரு மாதம் முன் வந்துவிட்டால் விவசாயி தவணை தவறியவராகிவிடுகிறார். வட்டிச் சலுகை போய்விடும்.

தமிழ்ப் பெயர்களின் சங்கடம் தனிக்கதை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. இடையில் நம் சங்கங்களில் யார் எந்த எழுத்துருவை வைத்திருந்தார்களோ அதுவே சட்டமாக இருந்தது. பழைய எழுத்துருவில் சேமித்த பெயரை அப்படியே நகலெடுத்தால் புதிய அட்டவணையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்; முதலில் குறியீட்டை மாற்றிய பிறகே நகலெடுக்க வேண்டும். ஒருங்குறிக்குத் தகுதியில்லாத பத்தியில் ஒருங்குறிப் பெயரை இட்டாலோ வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். ஒருமுறை கேள்விக்குறியாகிவிட்ட பெயரை அதிலிருந்து மீட்க முடியாது. மூலத்திற்கே திரும்ப வேண்டும்.

பத்தியின் அகலமும் கவனிக்கத்தக்கது. முத்துலட்சுமி என்ற பெயரை நாம் ஏழு எழுத்து என்று எண்ணுகிறோம். ஒருங்குறியில் அது 13 குறியீடுகள். வழக்கமாகச் சேமிக்கும் முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 39 பைட் ஆகும். நாற்பது பைட் அகலமுள்ள பத்தியில் முத்துலட்சுமி அமர்ந்துவிடுவார். தந்தையின் தலைப்பெழுத்தோடு வந்தால் இடமில்லை. சில மென்பொருள்கள் அப்போதே பிழை என்று கூறி நிறுத்திவிடும்; அது நல்லது. சிலவற்றில் கண்டிப்பைத் தளர்த்தி வைத்திருந்தால், கொள்ளும் அளவுக்கு எழுதிவிட்டு மிகுதியை வெட்டிவிடும். பத்துக் குறியீடுகள் மட்டும் கொள்ளும் பத்தியில் அவர் முத்துலட்ச ஆகிவிடுவார். வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு அது ஒவ்வாமல் கூலி திரும்பி வரும். அன்றைக்கு அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

ஒரே வாசகத்தை இருமுறை ஓட்டிவிடுவது இன்னொரு விபத்து. மின்சாரம் நின்றது, ஓடியதா இல்லையா தெரியவில்லை, எதற்கும் மறுபடி ஓட்டுவோம் என்று ஓட்டினால், புதிய அட்டவணையில் அங்கத்தினர் எண்ணுக்கு முதன்மைத் திறவுகோல் என்னும் கட்டுப்பாடு இல்லாதபோது எல்லாரும் இருமுறை ஏறிவிடுவர். அட்டவணையை அமைக்கும்போதே பழையதிலிருந்து ‘கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்’ என்று ஒரே வரியில் உண்டாக்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. அதில் விவரங்கள் வரும், திறவுகோல் வராது. வீட்டைக் கட்டிப் பூட்டை மறந்த கதைதான். இதற்கு மாற்றாக, திறவுகோல் மோதினால் பிழை கூறாமல் தாண்டிச் செல் என்று ‘இக்னோர்’ என்ற சொல்லைச் சேர்க்கிறவர்களும் உண்டு. ஒரே எண் தவறுதலாக இரு அங்கத்தினருக்கு இருந்தால் இரண்டாமவர் சத்தமின்றி விடுபடுவார். பிழைச் செய்தி வந்தால் இளைஞர்கள் சிலருக்கு எரிச்சல் வருகிறது. பிழைச் செய்திதான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிடும் மூன்றாவது மனிதர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளிலும் சங்கங்களிலும் பெற்ற பயிர்க்கடனில் ரூ.12,110 கோடியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. பயன்பெறுவோர் 16.43 லட்சம் விவசாயிகள் என்றும் கூறியது. அத்தகைய பெரும் பட்டியல்களில் ஒருவர் இருமுறை வருவதும் ஒருவர் ஒருமுறையும் வராமற் போவதும் என்ன விளைவைத் தரும் என்பதை விவசாய அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் இதே மொழியில் இருக்கிறது. நகலெடுக்கும் வேலையை ஒரு ‘டிரான்சாக்‌ஷன்’ ஆகத் தொடங்கிவிட்டால், ‘கமிட்’ என்று சொல்லும் வரை எதுவும் உறுதியாகாது. எண்ணிப் பார்க்கலாம், கூட்டிப் பார்க்கலாம். பொருந்தவில்லையெனில் ‘ரோல்பேக்’ என்றவுடன் ஒன்றுமே நடவாதது போல் முன்னிருந்த நிலைக்குத் திரும்பிவிடும். கையெழுத்துக் காலத்தில் நமக்கு இந்த வசதி இருந்ததில்லை. இதைப் பயன்படுத்தாமல் நேரே எழுதிவிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சரிபார்ப்பதற்கு வரிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு தொகைப் பத்தியின் மொத்தமும் முதலில் வேண்டும். ஊர்வாரியாகவும் அவற்றை எடுத்தால், நாம் சொன்ன குக்கிராமம் போன்றவை உடனே வெளிப்படும். அடுத்து, பழையதில் இருந்து புதியதில் இல்லாதவர்களின் பட்டியலைக் கேட்க வேண்டும். இங்கும் ஒரு பொறி உண்டு. ‘நாட் இன்’ என்ற சொல்லால் அப்பட்டியலைக் கேட்டு, புதிய அட்டவணையில் எங்கேனும் ஓர் அங்கத்தினர் எண் வெற்றிடமாக இருந்துவிட்டால், விடுபட்டவர் ஒருவரும் இல்லை என்றே விடை வரும். ‘தெரியாது’ என்பதோடு ஒப்பிட்டு ‘இல்லை’ என்று அறுதியிட இயந்திரத்தால் முடியாதல்லவா? ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று கேட்டால் சரியான பட்டியல் கிடைக்கும். சரிபார்த்துவிட்டோம் என்று நல்லெண்ணத்தோடு ஒப்பமிட்ட காரியதரிசி ஒருவர் இப்பொறியில் சிக்கியதை அறிவோம். அவரை நாம் குறை கூற மாட்டோம்.

நம் இலாகாவையும் விட்டுவைப்பதற்கில்லை. இந்த மாதம் எத்தனை சங்கங்கள் மாறின என்று மேலிருந்து கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம். எத்தனை வரிகள் சென்றன, எத்தனை சென்று சேர்ந்தன என்று கேட்பதற்கான பத்தி நம் மாதாந்தர அறிக்கைப் படிவத்தில் இல்லை. குறித்த தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், வித்தியாசத்தை அனாமத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு பார்ப்போம் என்று சொன்ன அதிகாரிகளும் உண்டு. பிறகு பார்த்தவர்கள் குறைவு. மாற்றத்தால் வரும் வித்தியாசத்தை அனாமத்தில் போடுவதை இலாகா எழுத்து மூலமாகவே தடை செய்ய வேண்டும் என்று கருதுகிறோம். வித்தியாசம் இருக்கும் வரை சங்கம் பழைய மென்பொருளிலேயே ஓடட்டும். பத்து நாள் தாமதத்தால் யாருடைய தறியும் நின்றுவிடாது.

மென்பொருள்காரர்களை நாம் பகையாக எண்ணவில்லை. நாம் பழகிய இளைஞர்களில் பலர் திறமைசாலிகள்; ஊர் ஊராகப் பேருந்தில் சென்று, இரவு சங்கக் கட்டிடத்திலேயே படுத்து, வேலையை முடித்துத் தருகிறார்கள். ஆனால் குக்கிராமத்தின் எண் ஏன் நீங்கியது, இரண்டு மாரியப்பன்களில் எவர் எவர், 1990களில் சேர்ந்தவர்களின் பங்குத்தொகை ஏன் ஒரே அளவாக இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை அறிந்தவர்கள் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களோ, “எங்களுக்குக் கணிப்பொறி தெரியாது ஐயா” என்று எழுந்து போய்விடுகிறார்கள். கணிப்பொறி தெரிய வேண்டியதில்லை. எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், தலைப்புவாரியாக எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்தது, இணைப்பில் பொருந்தாதவர் பட்டியல் எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும். நூல் எடையிட்டு வாங்கிச் சேலை எடையிட்டுக் கொடுக்கும் நெசவாளருக்கு இந்தக் கேள்வியைக் கற்பிக்க வேண்டுமா என்ன?

மாற்றத்தை மாத முடிவில், கணக்கு மூடிய பிறகு, விடுமுறை நாளில் வைத்துக்கொள்வது நலம். ஓட்டிய வாசகங்களைத் தாளில் அச்சிட்டு, எண்ணிக்கையும் மொத்தமும் அடங்கிய பட்டியலோடு தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி, காரியதரிசியும் குழுவினர் ஒருவரும் நகலெடுத்தவரும் ஒப்பமிட வேண்டும். அங்கத்தினர் பெயர், பங்கு, சேமிப்பு, கடன் ஆகியவற்றின் புதிய பட்டியலைப் பதினைந்து நாள் சங்கத்தில் வைத்து, பாஸ்புத்தகத்தோடு வந்து ஒப்பிட்டுக்கொள்ளுமாறு தண்டோரா போட்டாலும் தகும்; வாட்ஸப்பில் அனுப்பினாலும் தகும். கைபேசி இல்லாத தெருக்களுக்குக் குழுவினர் நேரில் சென்று படித்துக் காட்ட வேண்டும். பழைய அட்டவணையின் பிரதி ஒன்றை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, அவ்வாண்டுத் தணிக்கை முடிந்து குறைகள் தீரும் வரையாவது பத்திரப்படுத்த வேண்டும். இடம் அடைக்கிறது என்று அதை அழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு சங்கத்தின் அங்கத்தினர் அட்டவணை முழுவதும் சட்டைப் பையில் வைக்கும் சிறு கருவியில் அடங்கிவிடும்.

அம்மையாரின் சேமிப்பு வட்டியோடு அடுத்த வாரமே வழங்கப்பட்டது. மீதி இருபத்து நால்வரின் வரிகளும் ஊர் எண் திருத்தப்பட்டுப் புதிய அட்டவணையில் ஏறின. அனாமத்தில் கிடந்த தொகை அவரவர் கணக்குக்குச் சென்றது. இம்முறை காரியதரிசி வாசகத்தைத் தாமே உரக்கப் படிக்க, அந்தத் தெருவைச் சேர்ந்த குழு அங்கத்தினர் ஒருவர் பழைய புத்தகத்தோடு அருகில் அமர்ந்து ஒப்பிட்டார். வேலை முடிய ஒரு பிற்பகல் ஆயிற்று.